எண் சொல்லும் சேதி: குழந்தைப் புற்றுநோயின் குருதிக் குறிப்பான்களும் திண்டுக்கல் தந்த பாடமும்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் மலைக்கோட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஊருக்குள் பழகியோர்க்கு நாகல் நகரும், அங்கே தலைமுறைகளாகத் தறியோடு வாழ்ந்துவரும் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களும் நினைவுக்கு வரக்கூடும். நெசவாளரிடம் நூலைக் காட்டினால் முதலில் அதன் 'நம்பர்' என்ன என்றே கேட்பார். 40ம் நம்பரா, 80ம் நம்பரா? எண் பெரிதாகப் பெரிதாக நூல் மெலிதாகும். இது தெரியாத ஒருவர் 80ஐக் கண்டதும், 40ஐ விட இருமடங்கு தடித்த நூல் என்று எண்ணிவிடுவார். பிழை எண்ணில் இல்லை. அதைப் படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

இக்கட்டுரையும் எண்களைப் படிப்பது பற்றியதுதான். ஆனால், இவை நூலின் எண்கள் அல்ல. நோயுற்ற குழந்தையின் குருதியிலிருந்து பெறப்படும் எண்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு வயிறு சற்றே வீங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் என்ற பரிசோதனையை எழுதித் தருகிறார். மறுநாள் கைக்கு வரும் தாளில் 60 என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே 'இயல்பளவு: 10க்குக் கீழ்' என்றும் கண்டிருக்கிறது. அந்தத் தாயும் தந்தையும் அன்றிரவு உறங்குவார்களா? ஆனால் அந்த 10 என்பது வளர்ந்தவர்களுக்கான அளவு. ஐந்து மாதக் குழந்தையின் குருதியில் 60 இருப்பது பெரும்பாலும் இயற்கையே!

இத்தகைய குறிப்பான்கள் எங்கிருந்து வந்தன? எவர் கண்டார்? எங்கே துணை நின்றன, எங்கே வழி தவறச் செய்தன? இவ்வரலாற்றின் ஓரிழை சென்னையைத் தொடுகிறது. மற்றோர் இழை திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வந்து முடிகிறது. வாருங்கள், தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

லண்டன் வணிகரின் சிறுநீர்

1845ம் ஆண்டு. லண்டனில் மளிகை வணிகர் ஒருவர் தீராத எலும்பு வலியால் துன்புற்றார். அவரைக் கவனித்துவந்த மருத்துவர்கள் அவருடைய சிறுநீரில் விந்தையான ஒன்றைக் கண்டனர். சூடாக்கினால் கரைந்தும், ஆறினால் மீண்டும் திரிந்தும் போகும் ஒரு பொருள் அதில் இருந்தது. இஃது என்ன என்று கேட்டு, ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் மருத்துவருக்கு அச்சிறுநீரை அனுப்பினர். நோயாளி 1846ம் ஆண்டின் முதல் நாளில் இறந்தார். தாம் கண்டதை ஜோன்ஸ் 1847ல் வெளியிட்டார். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கு அப்புரதமே அடையாளம் என்பது பின்னர் உறுதியாயிற்று. உடலைக் கீறாமலேயே உள்ளிருக்கும் புற்றைச் சுட்டிய முதல் குறிப்பான் அதுவே என்பர். அப்புரதம் உண்மையில் எது என்பது புலப்பட 1962ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டே அது என்று எடெல்மனும் கேலியும் காட்டினர்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். குறிப்பான் என்பது புற்றன்று. புற்று விட்டுச்செல்லும் தடம். யானையைக் காணாது அதன் அடிச்சுவட்டைக் கண்டு யானை சென்றதென அறிவது போன்றது. சுவடு யானையினுடையதுதானா, எப்போது பதிந்தது என்பதைப் படிக்கத் தெரிந்தவரே சொல்ல முடியும்.

சுழியம் வரும்வரை

அடுத்த தடம் பெர்லினில் கிடைத்தது. 1920களின் பிற்பகுதியில் ஆஷைம், ஜோன்டெக் என்ற இருவர், கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் உள்ள ஹார்மோனைக் கொண்டு கருத்தரிப்பை உறுதிசெய்யும் முறையைக் கண்டறிந்தனர். நஞ்சுக்கொடி சுரக்கும் அந்த ஹார்மோனைச் சுருக்கமாக எச்.சி.ஜி. என்று அழைக்கிறோம். நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயிலும், விதைப்பை, சூலகம் ஆகியவற்றில் தோன்றும் சில கட்டிகளிலும் இதே ஹார்மோன் மிகுந்து காணப்பட்டது. கருவுறாத ஒருவரின் உடலில் கருவுற்றதற்கான அடையாளம்!

இவ்விடத்தில் நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரைக் குறிப்பிடாமல் நகர முடியாது. 1895ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடை அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். என்ற சிறிய பட்டமே அவருக்குக் கிடைத்தது. 1923ல் அமெரிக்கா சென்ற அவர், பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தில் ஒரு பெருங்குழுவை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிராகச் செயல்படும் சேர்மங்களையும் உருவாக்கியது அக்குழு. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப்புற்றுற்ற 16 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தார். பத்துக் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை. எனினும், மருந்தால் இரத்தப்புற்றைப் பின்வாங்கச் செய்யமுடியும் என்பதை உலகுக்குக் காட்டிய அந்த ஆய்வறிக்கை 1948 ஜூனில் வெளியானது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அமினோப்டெரினின் உடன்பிறப்புத்தான் மெத்தோட்ரெக்ஸேட். 1956ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ என்ற சீன வம்சாவளி மருத்துவர், ராய் ஹெர்ட்ஸ் முதலானோருடன் சேர்ந்து, நஞ்சுக்கொடிப் புற்றுற்ற பெண்களுக்கு இம்மருந்தைக் கொடுத்தார். கட்டிகள் மறைந்தன. நுரையீரல் படங்கள் தெளிந்தன. எல்லோரும் மருந்தை நிறுத்தலாம் என்றனர். லீ மறுத்தார். சிறுநீரில் ஹார்மோன் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்வரை புற்றும் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஹார்மோன் சுழியத்தைத் தொடும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது என்பது அவர் வாதம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக நோயாளிகளை நஞ்சூட்டுகிறார் என்று மேலோர் கருதினர். 1957ல் அவர் அந்நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

பிறகு நிகழ்ந்ததுதான் வரலாறு. முன்னதாக மருந்து நிறுத்தப்பட்ட பெண்களுக்கு நோய் திரும்பியது. சுழியம்வரை மருந்து பெற்றவர்கள் நலமுடன் வாழ்ந்தனர். உறுப்பொன்றில் திரண்டு பரவிய புற்றை மருந்தால் மட்டுமே குணமாக்கிய முதல் நிகழ்வு அது. 1972ல் லீக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. குறிப்பான் என்பது நோயைக் கண்டறிய மட்டுமல்ல, சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்று சொல்லவும் பயன்படும் என்ற கருத்து ஒரு மனிதரின் வேலையை விலையாகக் கொடுத்தே மருத்துவத்துக்குள் நுழைந்தது.

கருவில் பிறந்த புரதம்

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்துக்கு வருவோம். 1956ல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ராண்ட், சார் ஆகியோர் கருவிலுள்ள சிசுவின் குருதியில், வளர்ந்தோரிடம் காணப்படாத ஒரு புரதத்தைக் கண்டனர். 1963ல் மாஸ்கோவில் கார்ரி அபெலெவும் தோழர்களும் எலிகளின் கல்லீரல் புற்றை ஆராய்ந்தபோது, அப்புற்று கருவுக்கே உரிய இப்புரதத்தைச் சுரப்பதைக் கண்டு வியந்தனர். அடுத்த ஆண்டே அஸ்திரகான் நகரைச் சேர்ந்த டாடரினோவ், கல்லீரல் புற்றுற்ற மனிதரின் குருதியிலும் அதே புரதம் இருப்பதை அறிவித்தார். சூலகம், விதைப்பை முதலியவற்றின் மூலச் செல்களில் தோன்றும் கட்டிகளிலும் இது மிகுவதை அபெலெவ் குழு பின்னர் காட்டியது.

குழந்தை மருத்துவத்தில் இக்கண்டுபிடிப்பின் மதிப்பு மிகப் பெரிது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் கட்டியில், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கும் மேலாக இப்புரதம் உயர்ந்திருக்கும். சில சமயம் இலட்சக்கணக்கில் செல்லும். அறுவையில் கட்டி முழுதாக நீங்கிவிட்டால், ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 80,000 நானோகிராம் இருந்தால், 10க்குக் கீழே வர 13 முறை பாதியாக வேண்டும். ஆறு நாளுக்கொரு முறை என்று கொண்டால் 78 நாள்கள், அதாவது இரண்டரை மாதம். இந்த வேகத்தில் இறங்காமல் நின்றுவிட்டால் கட்டியின் மிச்சம் எங்கோ இருக்கிறது என்று ஐயுறவேண்டும். இறங்கியபின் மீண்டும் ஏறினால், வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் முன்பே நோய் திரும்பியதை அறியலாம்.

ஆனால் இதிலேயே மூன்று கண்ணிகளும் உண்டு.

முதலாவது, வயது. பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் குருதியிலும் இப்புரதம் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு மாதத்தில் சில நூறுகளாகக் குறைந்து, ஏறத்தாழ எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் வளர்ந்தோர் அளவை எட்டும். எனவே பச்சிளங்குழந்தையின் எண்ணை அதன் வயதுக்குரிய அட்டவணையோடுதான் ஒப்பிடவேண்டும். அவ்வயதில் அது பாதியாகும் காலமும் நீண்டிருக்கும்.

இரண்டாவது, குறைந்த எண் எப்போதும் நற்செய்தியன்று. கல்லீரல் கட்டி இருக்கிறது, ஆனால் புரதம் 100க்கும் கீழே என்றால் மருத்துவர்கள் கவலைகொள்வர். முதிராத, முரட்டுத்தனமான கட்டிகள் சில இப்புரதத்தைச் சுரக்கும் ஆற்றலையே இழந்தவை. நூலின் நம்பரைப்போல, இங்கும் எண்ணின் பொருள் தலைகீழாகிறது!

மூன்றாவது, இது புற்றுக்கு மட்டுமே உரியதன்று. கல்லீரல் அழற்சியிலும், சில பிறவிக் குறைகளிலும் உயரும். ஆகவே எண் ஒன்றைமட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க இயலாது. உடற்சோதனை, ஸ்கேன் படம், பெரும்பாலும் திசுச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

அளக்கும் கலை

இத்தனை நுண்ணிய அளவுகளை எப்படி அளந்தார்கள் என்ற வினா வாசகர்க்கு எழலாம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் 1950களின் இறுதியில் கண்ட முறையே இதற்கு வழிவகுத்தது. கதிரியக்க அடையாளமிட்ட பொருளும், நோயாளியின் குருதியிலுள்ள அதே பொருளும் ஓர் எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொள்ளப் போட்டியிடச் செய்து, வென்றது எவ்வளவு தோற்றது எவ்வளவு என்று கணக்கிடும் முறை அது. பூட்டும் சாவியும் போல ஒன்றுக்கொன்று பொருந்தும் பண்பே இதன் அடிப்படை. அதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்கவும் வேண்டுமா? அம்முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை. பெர்சன் 1972ல் மறைந்தார். யாலோவுக்கு 1977ல் நோபல் பரிசு கிடைத்தது.

1971ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் கதிரியக்கத்துக்குப் பதில் நொதியைப் பயன்படுத்தும் எலைசா முறையைத் தந்தனர். 1975ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வார்ப்பில் செய்ததுபோன்ற எதிர்ப்பொருள்களை வேண்டுமளவு உருவாக்கும் வழியைக் கண்டனர். பெருநகர ஆய்வகங்களுக்குள் அடைபட்டிருந்த சோதனை, மாவட்டத் தலைநகரின் கடைத்தெருவுக்கு வந்துசேர இவ்விரண்டுமே காரணம்.

ஜப்பான் விரித்த வலை

எண்கள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஓர் ஆசை எழுந்தது. நோயுற்ற குழந்தைக்குச் சோதிப்பதைவிட, எல்லாக் குழந்தைகளையும் முன்கூட்டியே சோதித்தால் என்ன?

நரம்புத் திசுவிலிருந்து தோன்றும் நியூரோபிளாஸ்டோமா இதற்கேற்ற நோயாகத் தோன்றியது. இளம் பிராயத்திலேயே வருவது. முற்றிய பின் குணமாக்கல் அரிது. இக்கட்டி வெளியிடும் வேதிப்பொருள்களின் மிச்சத்தைச் சிறுநீரில் அளக்கமுடியும் என்பது 1950களின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. குருதியும் எடுக்கத் தேவையில்லை. கியோட்டோவில் 1974ல் இச்சோதனை தொடங்கியது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரில் நனைத்த வடிதாளைத் தாய் அனுப்பிவைத்தால் போதும். 1980களின் நடுப்பகுதியில் இது ஜப்பான் முழுவதற்கும் விரிந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் கட்டிகள் கண்டறியப்பட்டன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். வெற்றி என்றே உலகம் எண்ணியது.

ஆனால் ஒரு புதிர். சிறுவயதிலேயே இத்தனை கட்டிகள் நீக்கப்பட்டும், பின்னர் மூன்று நான்கு வயதில் முற்றிய நோயோடு வரும் குழந்தைகளின் தொகை எதிர்பார்த்தபடி குறையவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலமும் ஜெர்மனியும் சோதித்த குழந்தைகளையும் சோதிக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தன. கியூபெக்கில் சுமார் 4,76,000 குழந்தைகள்; ஜெர்மனியில் சுமார் 14,75,000 குழந்தைகள். இரண்டின் முடிவுகளும் 2002ல் ஒருசேர வெளியாயின. சோதனையால் கண்டறியப்படும் கட்டிகள் பெருகின, இறப்பு குறையவில்லை!

காரணம் விந்தையானது. கைக்குழந்தைகளிடம் தோன்றும் இவ்வகைக் கட்டிகளுள் பல தாமாகவே கரைந்து மறைபவை. வலையில் சிக்கியவை பெரும்பாலும் இவையே. கொல்லும் வகையோ வலை விரித்த காலத்துக்குப் பின்னர் விரைந்து வளர்வது. ஆகவே, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் நலமாயிருந்திருக்கக்கூடிய குழந்தைகள் பலர் அறுவைக்கும் மருந்துக்கும் ஆளாயினர். 2003ல் ஜப்பான் இத்திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது. சோதனையால் இறப்பு ஓரளவு குறைந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர் சிலர் 2008ல் வாதிட்டனர் என்பதையும் நடுநிலை கருதிக் குறிப்பிடவேண்டும். எனினும் திட்டம் மீளவில்லை.

அம்பிளிக்கை சொன்ன விடை

அப்படியாயின் முன்கூட்டிச் சோதித்தலே வீணா? இல்லை என்ற விடை வந்தது வேறெங்கிருந்தும் அன்று, திண்டுக்கல் மாவட்டத்திலிருந்துதான்!

ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதலியவை இணைந்து 2000ம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. இது குழந்தைகளைப் பற்றியதன்று. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாய்ப் புற்றைப் பற்றியது. மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டதுபோல் பாதியில் மட்டும் சோதனை செய்தனர். கருவி? புளிக்காடி போன்ற நீர்த்த அசெட்டிக் அமிலமும், பயிற்சி பெற்ற செவிலியின் கண்ணும்! 2007ல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. சோதனை செய்யப்படாத ஊர்ப் பெண்களின் நிலை அறத்துக்கு உகந்ததா என்ற வாதம் பின்னர் எழுந்தது. அது நியாயமான வினாவே. அப்பெண்களும் இந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஜப்பானின் விலையுயர்ந்த வேதியியல் தோற்ற இடத்தில் அம்பிளிக்கையின் புளித்த நீர் வென்றது எதனால்? கருப்பைவாய்ப் புற்று மெல்ல வளர்வது. புற்றாகும் முன்பே அடையாளம் காட்டுவது. அந்நிலையில் எளிதில் நீக்கத்தக்கது. நியூரோபிளாஸ்டோமாவுக்கு இம்மூன்றும் பொருந்தவில்லை. சோதனையின் நுட்பத்தைவிட நோயின் இயல்பே முடிவைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இரு நாடுகளிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது நோயாளர் பதிவேடு. எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இறந்தனர் என்று வீடுவீடாகத் திரட்டிய கணக்கு இல்லாவிடில் வெற்றியும் தோல்வியும் ஒன்றுபோலவே தோன்றும். திண்டுக்கல் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவேடு 2003 முதல் நம் மாவட்டத்துச் சிற்றூர்களின் கணக்கைத் திரட்டியது. ஐந்து கண்டங்களின் புற்றுநோய்க் கணக்கைத் தொகுக்கும் பன்னாட்டு நூல்வரிசையிலும் அது இடம்பெற்றது. நாகல் நகரில் தறியடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடையாற்றின் குழந்தைகள்

குழந்தைகளிடம் திரும்புவோம். 1923ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டுப் போராட்டத்துக்குப்பின் 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்துசேர்ந்து 2021ல் மறையும்வரை அதையே வாழ்வாகக் கொண்ட டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். நாட்டின் முதலாவது என்று சொல்லத்தக்க குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு அங்கே 1960ல் தொடங்கிற்று. 1984 முதல் அடையாறும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்துடன் இணைந்து, குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. பிழைப்போர் தொகை தெளிவாக உயர்ந்தது. சுப்பாராவ் குழுவின் மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் இரத்தப்புற்றுச் சிகிச்சையில் நீங்கா இடம்பெற்றுள்ளது. சென்னையில் பயின்றவரின் மருந்து பாஸ்டன் வழியே சுற்றிச் சென்னைக்கே வந்துசேர்ந்தது எனலாம்.

குறிப்பான்களின் வரலாறும் முடிந்துவிடவில்லை. உடைந்த செல்களின் மரபணுத் துணுக்குகள் குருதியில் மிதப்பதை 1948லேயே மாண்டெல், மெதே என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் கண்டிருந்தனர். நியூரோபிளாஸ்டோமாவின் கொடிய வகையைக் காட்டும் மரபணுப் பெருக்கத்தைக் குருதியிலிருந்தே அறியலாம் என்று 2002ல் பிரான்ஸைச் சேர்ந்த கொம்பரே குழு காட்டியது. கட்டி இருக்கிறதா என்பதோடு, கரைவதா கொல்வதா என்றும் கேட்கும் காலம் இது. ஜப்பானின் வலைக்குத் தெரியாமற்போன வேறுபாடு அதுதானே!

எண்ணுக்குப் பின்னால்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு இலட்சம் குழந்தைகளும் இளையோரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. வளமிக்க நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவு. 2030க்குள் உலகெங்கும் அறுபது விழுக்காட்டையாவது எட்டவேண்டும் என்று 2018ல் இலக்கு வகுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மருந்துகளின் இன்மை மட்டுமன்று. காலம் தாழ்த்திக் கண்டறிதல், தவறாகக் கண்டறிதல், பாதியில் சிகிச்சையை விடுதல் ஆகியவையும்தான்.

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் ஓடிய தலைமுறைக்கு இது சிறிய செய்தியன்று. எனினும் குழந்தையின் கட்டிக்கு முழுமையான சிகிச்சை பெறப் பெருநகரப் பயணம் இன்னும் பலருக்குத் தவிர்க்க இயலாதது. அப்பயணத்தை எப்போது தொடங்குவது, எப்போது அஞ்சவேண்டாம் என்பதற்கு ஒரு தாளிலுள்ள எண்ணே பலமுறை காரணமாகிவிடுகிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லி முடிப்போம். குழந்தையின் பரிசோதனைத் தாள் கைக்கு வரும்போது, அச்சிட்ட இயல்பளவு எந்த வயதுக்கு உரியது என்று முதலில் கேளுங்கள். முந்தைய தாள்களை எறிந்துவிடாமல் தேதி வரிசையில் சேர்த்துவையுங்கள். ஒற்றை எண்ணைவிட எண்களின் வரிசையே உண்மை பேசும். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லாதபோது, ஐயம் தீரட்டும் என்று குறிப்பான் சோதனைகளைச் செய்யாதீர்கள். வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, காரணமின்றி வெளிறி மெலிந்தாலோ, எண் குறைவாய் இருக்கிறதே என்று வாளாவிருந்துவிடாதீர்கள்.

லண்டன் வணிகரும், லீயிடம் மருந்துண்ட பெண்களும், வடிதாள் அனுப்பிய ஜப்பானியத் தாய்மாரும், திண்டுக்கல் ஊர்களின் பெண்களும் நமக்கு விட்டுச்சென்றது எண்களையல்ல, எண்களைப் படிக்கும் முறையை. அதைக் கற்றுக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றி.